தொலைவை ஆக்குபவர் யார்?

'கூப்பிடு தூரம்' என்று தமிழில் ஓர் அளவு உண்டு.  ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர் காதில் விழக்கூடிய இடைவெளி என்பதே இதன் பொருள். காதத்தை அளக்க நிலம் இருந்தால் போதும். கூப்பிடு தூரத்தை அளப்பதற்கோ இரண்டு மனிதர் வேண்டும். ஒருவர் அழைக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். நம் முன்னோர் இச்சொல்லை வழங்கத் தொடங்கியபோது மெய்யியல் பேசுவதாக எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும், தொலைவு என்பது நிலத்தின் பண்பு மட்டுமன்று, மனிதருக்கிடையே நிலவும் உறவின் பண்பும் ஆகும் என்னும் உண்மை அச்சொல்லில் பொதிந்து கிடக்கிறது.

ஓர் ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால் இன்று நாம் இரண்டு வகையாக விடை கூறுகிறோம். இத்தனை கிலோமீட்டர் என்பது ஒன்று. இத்தனை மணி நேரம் என்பது மற்றொன்று. பேச்சுவழக்கில் இவ்விரண்டையும் ஒன்றுபோலவே கையாளுகிறோம். இவை உண்மையில் ஒன்றுதானா? வேறு வேறு எனில், இவற்றுள் எதற்கு மனிதன் பொறுப்பாளி? இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு ஐரோப்பாக் கண்டத்தின் இரு ஓரங்களில் அமைந்த இரு நகரங்களை எடுத்துக்கொள்வோம். அண்மையில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது நம்முடைய பாசமும் பகையும் அறிவை முந்திக்கொள்ளும். தொலைவில் உள்ளதைக் கொண்டு சிந்தித்தால் ஓரளவு நடுநிலையோடு சிந்திக்கலாம்.

இரு நகரங்கள்

ஐரோப்பாவின் தென்மேற்கு ஓரத்தில், தேஜோ ஆறு அட்லாண்டிக் பெருங்கடலைச் சேரும் இடத்தில் இருப்பது போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பன். கிழக்கே, நீப்பர் ஆற்றின் கரையில் இருப்பது உக்ரைன் நாட்டின் தலைநகரான கீவ். நிலவுருண்டையின் வளைவை ஒட்டி நேர்க்கோடு இழுத்தால் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3,350 கி.மீ. தொலைவு. சாலை வழியே சென்றால் நாலாயிரம் கி.மீ.க்கும் மேலாகும். மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் பயணிகள் விமானம், மேலேறவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, இத்தொலைவை நாலரை முதல் ஐந்து மணி நேரத்தில் கடந்துவிடும். வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்று துணைசெய்வதால் போகும் பயணம் சற்று விரைவாகவும், அக்காற்றை எதிர்த்துத் திரும்பும் பயணம் சற்று மெதுவாகவும் அமைவது வழக்கம்.

கடிகாரத்தைக் கேட்டால் அது வேறொரு கணக்குச் சொல்லும். கீவ் நகரத்தின் மணி லிஸ்பனின் மணியைவிட இரண்டு மணி நேரம் முந்தியது. காலை பத்து மணிக்கு லிஸ்பனிலிருந்து புறப்பட்டு ஐந்து மணி நேரம் பறந்து கீவில் இறங்கினால், அங்கே மாலை ஐந்து மணியாகியிருக்கும். அதே நேரக்கணக்கில் காலை பத்து மணிக்குக் கீவிலிருந்து திரும்பினால், லிஸ்பனில் பிற்பகல் ஒரு மணிதான். கடிகாரங்களை மட்டும் நம்புகிறவனுக்குப் போகும் பயணம் ஏழு மணி நேரம், வரும் பயணம் மூன்று மணி நேரம். அவனுடைய உடலோ இரண்டு முறையும் ஐந்து மணி நேரத்தையே உணர்ந்திருக்கும்.

இரயிலைக் கேட்டால் அது மூன்றாவது கணக்குச் சொல்லும். லிஸ்பனிலிருந்து புறப்படும் தண்டவாளங்களின் இடைவெளி 1,668 மில்லிமீட்டர். பிரான்சும் ஜெர்மனியும் போலந்தும் பெரும்பாலும் கையாளுவது 1,435 மில்லிமீட்டர். உக்ரைனில் அது 1,520 மில்லிமீட்டர். தடம் மாற்றாமல் ஒரே இரயில் இந்தக் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட இயலாது. மலையோ ஆறோ அங்கே குறுக்கே நின்று தடுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தந்த நாட்டினர் எடுத்த முடிவுகள் இன்றும் இரும்பாய் நிற்கின்றன.

கிலோமீட்டர் ஒன்றாக இருக்க, நேரங்கள் மட்டும் பலவாக இருக்கின்றன என்பதை இதுவரை கண்டோம்.

ஒரே தொலைவு, வேறு வேறு நேரம்

இப்போது மூன்றாவது நகரம் ஒன்றைச் சேர்த்துப் பார்ப்போம். பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கி, லிஸ்பனிலிருந்து ஏறத்தாழ 3,360 கி.மீ. தொலைவில் உள்ளது. கீவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பத்துக் கி.மீ. அளவே. ஹெல்சிங்கியும் கீவும் ஒரே நேரத்தைக் காட்டும் நகரங்கள். லிஸ்பனில் இருக்கும் ஒருவருக்கு இவ்விரண்டும் ஒரே தொலைவில், ஒரே மணிக்கணக்கில் இருப்பவை என்று நிலப்படம் உறுதியாகச் சொல்லும்.

2022 பிப்ரவரி 24 அன்று விடியுமுன் இந்த ஒப்புமை உடைந்தது. ரஷ்யப் படையெடுப்புத் தொடங்கியதும் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கி அன்றும் ஐந்து மணி நேரத் தொலைவில்தான் இருந்தது. கீவுக்குச் செல்ல வேண்டியவரோ முதலில் போலந்து நாட்டுக்குப் பறக்க வேண்டும். லிஸ்பனிலிருந்து வார்சாவுக்கு நான்கு மணி நேரம். பின்னர் எல்லையோரத்தில் உள்ள ப்ஷெமிஷ்ல் என்னும் சிறு நகரத்தை அடைய வேண்டும். அங்கே இரயில் ஏறி, ஏறத்தாழ பத்து மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். 2023 பிப்ரவரி 20 அன்று, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன் கீவுக்குச் சென்றார். உலகின் மிக வலிமையான விமானத்தைத் தமக்கென வைத்திருந்த அவரும் ப்ஷெமிஷ்லில் இரயில் ஏறி, இரவு முழுவதும் பயணம் செய்தே கீவை அடைந்தார்.

நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. நீப்பர் ஆறு தன் இடத்தை விட்டு விலகவில்லை. ஆயினும் ஒரே நாளில் அந்நகரம் ஐந்து மடங்கு தொலைவுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. தள்ளியது யார்? இயற்கை அன்று.

குருமடத்து மெய்யியல் வகுப்புகளில் தீமையை இரண்டாகப் பிரித்துக் கற்பிப்பார்கள். நிலநடுக்கம், நோய் போன்றவை இயற்கைத் தீமை. மனிதனின் விருப்பத்திலிருந்து பிறப்பது அறநெறித் தீமை. முன்னதைக் கண்டு நாம் வருந்தலாம். பின்னதற்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டும். தொலைவையும் இப்படியே பிரிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கிலோமீட்டர் இயற்கை தந்தது. மணி நேரமோ பெரும்பாலும் மனிதன் தருவது. விமானத்தைப் படைத்து அதைக் குறைத்தவனும் அவனே. போரைத் தொடுத்து அதைக் கூட்டியவனும் அவனே. ஆகவே நேரத்தால் அளக்கப்படும் தொலைவு அறநெறிக்கு உட்பட்ட பொருளாகிறது.

தொலைவு விதியாக இருந்த காலம்

எக்காலத்திலும் இப்படி இருக்கவில்லை. தொலைவு யாருடைய குற்றமும் அல்லாத ஒரு காலம் இருந்தது. அதே லிஸ்பன் துறைமுகத்திலிருந்து புனித பிரான்சிஸ் சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று கப்பலேறினார். கோவாவை அடைந்தது 1542 மே 6 அன்று, பதின்மூன்று மாதங்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1554இல், அதே லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துகளில் அச்சேறின. நம் மொழியின் சொற்கள் முதன்முதலாக அச்சு வடிவம் பெற்றது அவ்வளவு தொலைவிலுள்ள நகரத்தில்தான்.

சவேரியாரின் இறுதியோடு தொடர்புடைய ஒரு செய்தி நெஞ்சை உருக்குவது. 1553 ஜூன் மாதம் உரோமையிலிருந்து புனித இஞ்ஞாசியார் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐரோப்பாவுக்குத் திரும்பிவரும்படி அதில் பணித்திருந்தார். ஆனால் சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்றே சீனக் கடற்கரைக்கு அருகிலுள்ள சாஞ்சியன் தீவில் உயிர்நீத்திருந்தார். அவர் இறந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அச்செய்தி உரோமையை எட்டவில்லை. உயிரோடு இல்லாத ஒருவரை அன்போடு அழைத்த அழைப்பு அது. இதில் யாரைக் குறைசொல்ல முடியும்? கடலும் காற்றும்தான் காரணம். அன்று தொலைவு ஒரு விதி. அதைப் பொறுத்துக்கொள்வதே பண்பு.

இருப்பினும், அந்தக் காலத்திலேயே தொலைவு ஒரு சாக்கு ஆகாது என்று காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா நாள். காலையில் மக்கள் கோவில்களில் கூடியிருந்த வேளையில் லிஸ்பனை மாபெரும் நிலநடுக்கம் தாக்கியது. தொடர்ந்து கடல் பொங்கி வந்தது. பல நாள் தீ எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். இச்செய்தி பாரிசை எட்ட ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. செய்தி கிடைத்ததும் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு லட்சம் பவுண்டு மதிப்புள்ள பணமும் உணவும் கருவிகளும் அனுப்ப இசைந்தது. ஹம்பர்க் நகரமும் கப்பல்களில் உதவிப் பொருள்களை அனுப்பியது. இவை கத்தோலிக்க நாடுகள் அல்ல. சமய வேறுபாட்டின் காயங்கள் ஆறாத காலம் அது. ஆயினும் அழைத்தவர் எச்சபையினர் என்று கேட்காமல் கப்பலில் மாவும் அரிசியும் ஏற்றினார்கள்.

அதே நிலநடுக்கம் மற்றோர் ஓரத்தில் இருந்த ஒருவரையும் சிந்திக்க வைத்தது. லிஸ்பனிலிருந்து 2,800 கி.மீ.க்கு அப்பால், பால்டிக் கடலோரத்தில் கோனிக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் 1756இல் அந்நிலநடுக்கம் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதினார். அவர் தம் ஊரை விட்டு வெகுதூரம் சென்றதே இல்லை. ஆனால் 1795இல் 'நிலைத்த அமைதி'யைப் பற்றி எழுதிய நூலில் அவர் கூறிய கருத்து, உலகைச் சுற்றியவர்கள் பலருக்கும் எட்டாதது. பூமி உருண்டை, அதன் பரப்புக்கு எல்லை உண்டு, மனிதர் ஒருவரை விட்டு ஒருவர் முடிவில்லாமல் விலகிச் சென்றுகொண்டே இருக்க முடியாது, எனவே அடுத்தவரின் இருப்பை ஏற்றுத்தான் ஆகவேண்டும், தம் மண்ணுக்கு வரும் அந்நியனைப் பகைவனாக நடத்தக்கூடாது என்றார் அவர். பூமியின் ஓரிடத்தில் இழைக்கப்படும் அநீதி எல்லா இடங்களிலும் உணரப்படும் அளவுக்கு மனிதர் நெருங்கிவிட்டனர் என்றும் கருதினார். தந்தியோ விமானமோ இல்லாத காலத்தில் எழுதியது இது.

ஒரு மறுப்பு

இங்கே சிந்திக்கும் வாசகர் ஒரு மறுப்பை எழுப்பலாம். 'எல்லாருடைய துன்பத்துக்கும் நான் எப்படிப் பொறுப்பாவேன்? என் வீடு, என் தெரு, என் ஊர் என்று எனக்குக் கடமைகள் உண்டல்லவா?' இம்மறுப்பைத் தன்னலம் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

லிஸ்பன் நிலநடுக்கத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் அறவுணர்வுகளைப் பற்றிய தம் நூலில் ஒரு கற்பனை எடுத்துக்காட்டைத் தந்தார். சீனப் பேரரசையே நிலநடுக்கம் விழுங்கிவிட்டது என்று கேள்விப்படும் ஐரோப்பியன் ஒருவன் சிறிது வருந்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். நாளைக்குத் தன் சுண்டுவிரலை இழக்கப்போவதாக அறிந்தால் அவனுக்கு இரவெல்லாம் உறக்கம் வராது. மனித இயல்பைப் பற்றிய கசப்பான உண்மை இது. ஆனால் ஸ்மித் அங்கே நிற்கவில்லை. அந்தச் சுண்டுவிரலைக் காப்பாற்றிக்கொள்ள அத்தனை உயிர்களையும் பலிகொடுக்க அவன் உடன்படுவானா என்று கேட்டு, ஒருபோதும் உடன்படமாட்டான் என்று அவரே விடை கூறினார். உணர்ச்சி அண்மையில் இருப்பதையே பெரிதாகக் காட்டும். மனச்சான்றோ நாம் பலருள் ஒருவர் மட்டுமே என்பதை நினைவூட்டும்.

புனித தாமஸ் அக்குவினாரும் அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்றே கற்பித்தார். நெருங்கிய உறவினருக்கு நாம் முதலில் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும், கடும் நெருக்கடியில் உள்ள அந்நியருக்கு, அத்தகைய தேவை இல்லாத தன் தந்தைக்கும் முன்பாகவே உதவ வேண்டிய சூழ்நிலைகள் உண்டு என்று அவர் எழுதினார். அண்மையும் ஒரு காரணம். தேவையும் ஒரு காரணம். இரண்டையும் எடைபோடுவதே விவேகம். எடைபோடாமலேயே 'தொலைவு' என்று சொல்லி விலகுவதுதான் தவறு.

முத்திரையும் சட்டமும்

தொலைவைக் கூட்டுவது போர் மட்டுமன்று. ஒரு தாளும் அதைச் செய்யும். ஒரு கையெழுத்து அதைக் குறைக்கவும் செய்யும்.

1940 ஜூன் மாதம் பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்தபோது, போர்தோ நகரில் போர்த்துகல் நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தவர் அரிஸ்தீதெஸ் தெ சோசா மென்தெஸ். பெரிய குடும்பத்தின் தந்தை, கத்தோலிக்கர். நாஜிகளுக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் அவரது அலுவலகத்தின் முன் திரண்டனர். அவர்களுள் யூதர் பலர். அத்தகையோருக்கு இசைவு முத்திரை வழங்கலாகாது என்பது லிஸ்பன் அரசின் கட்டளை. அவர் மனச்சான்றைக் கேட்டு, ஆயிரக்கணக்கானோருக்கு முத்திரை வழங்கினார். அதற்காகத் தண்டிக்கப்பட்டு, பதவி இழந்து, 1954இல் வறுமையில் இறந்தார். 2021இல்தான் அவருடைய நாடு தன் தேசியச் சான்றோர் நினைவகத்தில் அவருக்கு இடமளித்தது. போர்தோவுக்கும் லிஸ்பனுக்கும் இடையே உள்ள கிலோமீட்டர்களை அவர் குறைக்கவில்லை. கடக்க முடியாத தொலைவைக் கடக்கக்கூடிய தொலைவாக்கினார்.

உக்ரைன் போரின் தொடக்கத்திலும் இதனையொத்த ஒன்று நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இயற்றி, அதுவரை ஒருமுறையும் பயன்படுத்தாத தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை 2022 மார்ச் 4 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பல்லாயிரம் உக்ரேனியர் போர்த்துகலில் அடைக்கலம் பெற்றனர். அவர்களுக்கு முன்பே, 2000ஆம் ஆண்டையொட்டி வேலை தேடிப் பல நாள் பேருந்தில் பயணம் செய்து வந்து, கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் சேர்ந்திருந்த அவர்களின் நாட்டினர் அங்கே இருந்தார்கள். வானவழி அடைபட்டபோதும் சட்டவழி திறந்தது. அந்த முடிவு பாராட்டுக்குரியது.

ஆனால் அதே கண்டத்தின் தெற்கு வாயிலில் உள்ள ஜிப்ரால்டர் நீரிணையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அங்கே மிகக் குறுகிய இடத்தில் 14 கி.மீ. இடைவெளியில் உள்ளன. உரிய கடவுச்சீட்டு உள்ளவருக்குக் கப்பலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அது இல்லாதவருக்கு அந்த 14 கி.மீ. பல ஆண்டுத் தொலைவு. சிறு படகில் ஏறிய சிலருக்கு அது முடிவே இல்லாத தொலைவு. 3,350 கி.மீ.யை அருகில் கொண்டுவரத் தெரிந்தவர்களே 14 கி.மீ.யைத் தொலைவில் வைத்திருக்கிறார்கள். எல்லைகளைக் காக்கும் உரிமை நாடுகளுக்கு இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆயினும் அந்தத் தொலைவு கடலினால் ஆனது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

நம் பங்கு

இவையெல்லாம் ஐரோப்பாவின் செய்திகள். நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தூதரக முத்திரை நம் கையில் இல்லை. வான்வெளியை மூடும் அதிகாரமும் இல்லை. ஆனால் தொலைவை ஆக்குவதும் அழிப்பதும் மனிதரின் செயல் என்று ஒருமுறை உணர்ந்துவிட்டால், அச்செயலில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதையும் ஏற்க வேண்டியிருக்கும். பத்து ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறந்தாருக்கு இடையே இரண்டு தெருக்களே இருக்கலாம். குடியிருப்பின் ஓரத்தில் கூலிவேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பத்தின் பெயர் அத்தெருவில் யாருக்கும் தெரியாமலே இருக்கலாம். இவை கிலோமீட்டரால் வந்த தொலைவுகள் அல்ல.

விரைவு மட்டும் இதற்கு மருந்தாகாது. லிஸ்பனில் வேலைசெய்த உக்ரேனியத் தாய், போர் நாள்களிலும் அலைபேசியில் தன் மகனின் குரலை ஒரு நொடியில் கேட்க முடிந்தது. அவனிடம் போய்ச்சேர ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டியிருந்தது. குரலுக்கு ஒரு தொலைவு, காலுக்கு வேறொரு தொலைவு. குரலின் தொலைவை அறிவியல் ஏறத்தாழ இல்லாமல் ஆக்கிவிட்டது. காலின் தொலைவைக் கடப்பது இன்னும் நம் விருப்பத்திடமே விடப்பட்டிருக்கிறது.

முன்னாளில் கூப்பிடு தூரம் என்பது ஒரு வயலின் அகலம். இன்று பூமி முழுவதுமே கூப்பிடு தூரம் ஆகிவிட்டது. இஞ்ஞாசியாரின் காலத்தில் 'அழைப்பு எனக்கு எட்டவில்லை' என்பது உண்மையான விடை. நாமோ பெரும்பாலும் அப்படிச் சொல்ல முடியாத காலத்தில் வாழ்கிறோம். எல்லா அழைப்புக்கும் எழுந்து செல்ல எவராலும் இயலாது. ஆனால் நமக்கு எட்டிய அழைப்புகளுள் எதற்கு எழுந்தோம், எதற்கு எழவில்லை, எழாததற்கு உண்மையான காரணம் தொலைவுதானா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்கும்போது குறையும் தொலைவு எந்த நிலப்படத்திலும் குறிக்கப்படுவதில்லை. அதன் மறுமுனையில் காத்திருப்பவருக்கு அது தெரியும்.